கரண்டியில் நிற்கும் பதம்

வணக்கம் அக்கா,

எனக்கு விசுவமடு. அடுத்த கிழமை மகனுக்கு ஆறு மாதம் முடிகிறது. நான் ஒரு கார்மென்டில் வேலை. லீவு முடிந்து, இன்னும் மூன்று கிழமையில் திரும்பப் போக வேண்டும். காலை ஆறு மணிக்கு பஸ் வரும். வீட்டுக்கு வரப் பின்னேரம் ஆறு தாண்டிவிடும். பகலில் மாமிதான் பிள்ளையைப் பார்ப்பா. கனடாவில் இருக்கிற சிநேகிதி ஒரு அட்டவணை அனுப்பினாள். ஏழு மணிக்கு ஓட்ஸ், பத்துக்கு அவகாடோ என்று மணிக்கணக்காகப் போகிறது. மாமி அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் செமிக்காது, ஒரு வயது மட்டும் கஞ்சித் தண்ணி காணும். 2009இல் உன்ர மச்சாளை அப்படித்தானே வளர்த்தனான்" என்கிறா. எனக்கு இரண்டிலும் பயமாக இருக்கிறது. என்ன கொடுப்பது, எத்தனை தரம், எப்போது என்று எங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு ஒழுங்கு சொல்லுவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சிநேகிதியின் அட்டவணையில் பிழை இல்லை. பகல் முழுக்கத் தாய் வீட்டில் இருக்கிற இன்னொரு குடும்பத்துக்கு அது சரிவரும். ஆறு மாதப் பிள்ளை மணிக்கூடு பார்த்து நித்திரை கொள்வதில்லை. ஏழு மணி என்று எழுதி ஒட்டிவிட்டு, அவன் எட்டுக்கு எழும்பினால் மாமி பதறுவா. போனில் அதைக் கேட்டு நீங்களும் பதறுவீர்கள். உங்கள் வீட்டில் தினமும் மாறாமல் நடக்கிற மூன்று காரியங்கள் இருக்கின்றன. விடிய நீங்கள் வெளிக்கிடுவது, மத்தியானச் சோறு வடிப்பது, பின்னேரம் நீங்கள் வந்து சேர்வது. பிள்ளையின் சாப்பாட்டை இந்த மூன்றோடு சேர்த்துவிட்டால் யாரும் மணி பார்க்கத் தேவையில்லை.

அதற்கு முதல் மாமியின் கஞ்சி. அதைப் பழைய ஆட்களின் பேச்சு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2009 மாசி, பங்குனியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், பங்கருக்குள் கைக்குழந்தையோடு இருந்த தாய்க்கு அரிசியும் தண்ணீரும் உப்பும் தவிர வேறு என்ன கிடைத்தது? அந்தக் கஞ்சி ஒரு பிள்ளையை உயிரோடு வைத்திருந்தது. அதை அவ நம்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு ஒன்றும் இல்லாதபடியால்தான் அன்று கஞ்சி கொடுத்தார்கள். இன்று அதே மாமியின் குசினியில் பருப்பு இருக்கிறது, பூசணிக்காய் இருக்கிறது, முட்டையும் குளத்து மீனும் இருக்கின்றன. வாதாட வேண்டாம். "அப்ப கிடைக்காததை எல்லாம் இவனுக்குத் தீத்துவம் மாமி" என்று ஒரு தரம் சொல்லிப் பாருங்கள்.

கஞ்சித் தண்ணீர் ஏன் காணாது என்றால், பிள்ளையின் வயிறு சின்னது. ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும். ஏழு கிலோப் பிள்ளை என்றால் ஒரு தரத்துக்கு 200 மில்லிலீற்றர் சொச்சம். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வயிறு நிரம்பிவிடும், எடை ஏறாது. அதோடு தாய்ப்பாலையும் குறைத்துக் குடிப்பான். ஆறு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளுக்குச் சுமார் 200 கலோரி சாப்பாட்டில் இருந்து வர வேண்டும். நீர்க்கஞ்சியால் அது ஆகாது. ஆகவே பதம்தான் முக்கியம். கரண்டியைச் சரித்தால் ஒழுகி ஓடக் கூடாது. கரண்டியில் நின்று, மெல்ல வழுக்கி விழ வேண்டும்.

செய்வது கஷ்டம் இல்லை. உங்கள் சோற்றில் ஒரு அகப்பையை எடுத்து இன்னும் கொஞ்சம் குழைய விடுங்கள். மைசூர்ப் பருப்பை உப்பில்லாமல் அவித்து அதோடு சேர்த்து மசியுங்கள். கட்டியாக இருந்தால் தாய்ப்பாலோ கொதித்தாறின தண்ணீரோ விட்டு இளக்கலாம். அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டால் அளவு கூடாமலே சக்தி கூடும். பிளெண்டர் தேவையில்லை. முள்ளுக்கரண்டியால் மசித்தால் போதும். எட்டு மாதம் ஆகும்போது அவன் சின்னக் கட்டிகளை மெல்லப் பழக வேண்டும், கையால் எடுத்துச் சாப்பிடவும் வேண்டும். எப்போதும் பசை மாதிரி அரைத்தே கொடுத்தால் பிறகு கட்டிச் சாப்பாட்டுக்கு மாறும்போது சண்டைதான்.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம், இரும்புச்சத்து. பிள்ளை பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறு மாதமளவில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரை நாளுக்கு 11 மில்லிகிராம் என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. வளர்ந்த ஆணுக்கு அதே பரிந்துரையில் 8தான். அதாவது, உங்கள் மகனுக்குத் தேவைப்படும் இரும்பு அவனுடைய அப்பாவின் தேவையை விட அதிகம். சோறும் பூசணியும் மட்டும் தீத்தினால் பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கலாம், ஆனால் இரத்தம் குறைவாக இருக்கும். அதனால் மீன், முட்டை, ஈரல், இறைச்சி இவற்றில் ஒன்று ஆறு மாதத்திலிருந்தே தினமும் அந்தக் கோப்பையில் இருக்க வேண்டும். பல்லு முளைக்கட்டும், ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருப்பதால் ஒரு நன்மையும் இல்லை. ஒவ்வாமையும் அதனால் குறையாது. முட்டையை நன்றாக அவித்து முழுதாக மசியுங்கள். விரால் கிடைத்தால் நல்லது. ஜப்பான் மீன் (திலாப்பியா) என்றால் அவித்த சதையை விரலால் நசுக்கி நசுக்கி முள்ளுப் பார்க்க வேண்டும். கண்ணை நம்ப வேண்டாம். கோழி ஈரல் கிழமைக்கு ஒரு நாள், சின்னத் துண்டு. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பயறோ கௌபியோ நன்றாக அவித்து மசித்து, கூடவே பப்பாசிப்பழமோ பழுத்த கொய்யாவின் விதையில்லாத சதையோ கொடுங்கள். பழத்தில் உள்ள உயிர்ச்சத்து சி, பயற்றின் இரும்பை உடம்பு எடுக்க உதவும். பிளேன்டீ அதைத் தடுக்கும். அமைதியாக இருக்கட்டும் என்று பிள்ளைக்கு ஒரு மிடறு தேத்தண்ணீர் கொடுக்கிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. மாமியிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, நாளின் ஒழுங்கு. முதல் இரண்டு கிழமைக்கு ஒரே ஒரு சாப்பாடு, மத்தியானச் சோறு வடிக்கிற நேரம். இரண்டு மூன்று கரண்டி போதும். பகலில் தொடங்கினால் ஏதாவது ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உடனே தெரியும். புதுச் சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நாள் விட்டால் எது ஒத்துவரவில்லை என்பதும் விளங்கும். பிறகு இரண்டாவது, மாமி பின்னேரத் தேத்தண்ணீர் வைக்கிற நேரம், நாலு மணியளவில். அதற்குப் பிந்த வேண்டாம். நீங்கள் வாசலில் கால் வைக்கும்போது அவன் உங்கள் பாலுக்குப் பசியோடு இருக்க வேண்டும். எட்டு மாதம் முடிகிறபோது ஒரு தரத்துக்கு 250 மில்லிலீற்றர்க் கோப்பையில் அரைவாசி என்ற அளவுக்கு வந்திருப்பான். அப்போது மூன்றாவது, இரவுச் சாப்பாடு. அது உங்கள் கையால் நடக்கட்டும். ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு காலைச் சாப்பாட்டையும் சேர்க்கலாம். ஒரு வயதில் இந்த நேரச் சாப்பாடுகளோடு இடையில் ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு அவித்த வற்றாளங்கிழங்கு என்று வந்துவிடும்.

தாய்ப்பால்தான் இன்னும் பிரதான சாப்பாடு. விடிய வெளிக்கிட முன்னும், வந்த உடனேயும், இரவிலும் கேட்கிற நேரமெல்லாம் கொடுங்கள். இரண்டு வயதும் அதற்கு மேலும் தொடரலாம். பகலுக்குப் பாலை எடுத்து வைக்கலாம். பிரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும். 25 பாகைக்குள் இருக்கிற அறையில் நாலு மணித்தியாலம் என்று கணக்கு. நம் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கை நம்ப முடியாது. பிரிட்ஜ் இல்லையென்றால் விடிய எடுத்த பாலைக் காலையில் முதல் தரமே கொடுத்து முடித்துவிடச் சொல்லுங்கள். போத்தல் வேண்டாம், சின்னக் கோப்பையும் கரண்டியும். அப்புறம், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. அந்த நேரத்தில் பாலை எடுங்கள். எடுக்காமல் விட்டால் பால் குறைந்துவிடும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. பகலுக்குப் பால் காணாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தரோடு கதையுங்கள். பசுப்பாலையோ சாதாரணப் பால்மாவையோ குடிக்கக் கொடுப்பதற்கு ஒரு வயது ஆக வேண்டும்.

வேண்டாதவை கொஞ்சம்தான். ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். தேன் ஒரு துளியும் வேண்டாம். காட்டுத் தேன் எவ்வளவு சுத்தம் என்றாலும் அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி இந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கும். முறிகண்டியில் வாங்குகிற கச்சானை முழுதாகப் பிள்ளையின் கைக்கு எட்ட விடாதீர்கள், தொண்டையில் சிக்கும். காலையில் மசித்ததை மத்தியானத்துக்கு வெளியில் வைத்துக் கொடுக்க வேண்டாம்.

அவன் வாயை மூடினால், முகத்தைத் திருப்பினால், அன்றைக்குப் போதும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவனிடம் விடுங்கள். முதலில் துப்புவான். நாக்கால் வெளியே தள்ளுவதைப் பிடிக்கவில்லை என்று எடுக்க வேண்டாம், விழுங்கப் பழகுகிறான். ஒரு சாப்பாட்டைப் பத்துத் தரம் காட்டிய பிறகு ஏற்கிற பிள்ளைகளும் உண்டு. போனைக் காட்டித் தீத்த வேண்டாம். மாமி முன்னால் இருந்து கதை சொல்லித் தீத்தட்டும், அதில் அவவை வெல்ல ஒருவராலும் முடியாது.

காய்ச்சல், வயிற்றோட்டம் வந்தால் சாப்பாட்டை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தரம் கொடுங்கள். சுகமான பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு நேரச் சாப்பாட்டைக் கூட்டுங்கள். மாதா மாதம் கிளினிக்கில் நிறுக்கும்போது வளர்ச்சி அட்டையின் கோடு மேலே போகிறதா என்று நீங்களே பாருங்கள். கோடு படுத்திருந்தால் அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் அங்கேயே கேளுங்கள்.

வேலைக்குப் போக இன்னும் மூன்று கிழமை இருக்கிறது அல்லவா? அடுத்த கிழமை ஆறு மாதம் முடிந்ததும் மத்தியானச் சாப்பாட்டைத் தொடங்குங்கள். முதல் கிழமை நீங்கள் தீத்த மாமி பார்க்கட்டும். இரண்டாம் கிழமை மாமி தீத்தட்டும். அப்போது நீங்கள் பக்கத்தில் நிற்காமல் கடைக்கோ அம்மா வீட்டுக்கோ போய்விடுங்கள், உங்களைக் கண்டால் அவன் பாலுக்குத்தான் அழுவான்.

அன்புடன்,
அக்கா