கிளினிக்கில் ஆய்வு என்றால் எதைப் பார்க்கிறார்கள்?

“சிறிய தனியார் கிளினிக் நடத்துகிறோம். அடுத்த மாதம் ஆய்வாளர்கள் வருகிறார்கள். எப்படித் தயாராவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். பொது மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் செவிலியராக இருந்து மூன்று ஆய்வுகளைப் பார்த்தவள் நான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: விட்டுப்போன பதிவேடுகளை இப்போது உட்கார்ந்து நிரப்பாதீர்கள்.

எங்கள் முதல் ஆய்வில் வந்த அம்மையார் நேராகத் தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்குப் போனார். வெப்பநிலை நோட்டைப் புரட்டினார். காலையும் மாலையும் 4 டிகிரி, 4 டிகிரி என்று பக்கம் பக்கமாக ஒரே நீல மை. ஒரு தேதியில் விரலை வைத்து, “அன்று கிளினிக் விடுமுறை இல்லையா?” என்று கேட்டார். விடுமுறைதான். முந்தைய நாள் இரவு மொத்தத்தையும் எழுதியது நான்.

அடுத்துத் தெர்மாமீட்டரின் பொத்தானை அழுத்தினார். கடைசியாக ரீசெட் செய்ததிலிருந்து பதிவான மிகக் குறைந்த அளவு தெரிந்தது: மைனஸ் 2. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். நாம் எல்லோரும் சூட்டுக்குத்தான் பயப்படுகிறோம். ஆனால் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்ற, அலுமினிய உப்பு கலந்த ஊசிகளுக்கு உறைவதுதான் பெரிய ஆபத்து. ஒருமுறை உறைந்தால் வீரியம் போய்விடும். உருகிய பிறகு திரும்பி வராது. அந்த ஃப்ரிட்ஜ் எந்த நாளில் அவ்வளவு குளிர்ந்தது என்று சொல்ல எங்களிடம் உண்மையான எண் ஒன்றுகூட இல்லை. அதனால் யாருக்கு மறுபடி ஊசி போடுவது என்று பிரிக்க முடியாமல், அந்த மாதம் போட்டுக்கொண்ட அத்தனை பேரையும் அழைக்க வேண்டியதாயிற்று. கைக்குழந்தையோடு மறுபடி வந்து உட்கார்ந்த தாய்மார்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவதாக, அவசர மருந்துகள். “அட்ரினலினை எடுத்துக் காட்டுங்கள்” என்றார். மருந்து இருந்தது, காலாவதியும் ஆகவில்லை. ஆனால் அலமாரி பூட்டியிருந்தது. சாவி டாக்டரின் பையில், டாக்டர் உள்ளே நோயாளியோடு. ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வந்து மூச்சு அடைத்தால், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டும். அதற்குள் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே வரவேற்பில் இருப்பவர் உட்பட எல்லோரையும், “எங்கே இருக்கிறது, எடுத்து வா” என்று சொல்லி இந்த வாரமே ஒருமுறை ஓடவைத்துப் பாருங்கள். ஆக்சிஜன் சிலிண்டரையும் ஒருவர் திறந்து காட்டட்டும்.

மற்றவை எளிதாகச் சரிசெய்யக்கூடியவை. ஊசிக் கழிவுப் பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட வேண்டும். பல டோஸ் குப்பியைத் திறந்தால் திறந்த தேதியை எழுதுங்கள். தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை அதைப் பொதுவாக 28 நாள்தான் பயன்படுத்தலாம். கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள், கிருமி நீங்கியதற்கு அது சான்று ஆகாது. 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் ஓடியதற்கான பதிவைக் கேட்பார்கள்.

நோட்டில் விட்டுப்போன நாள்களுக்கு ஒரு கோடு போட்டு, “பார்க்கவில்லை” என்று எழுதி, இன்றைய தேதியோடு கையெழுத்திடுங்கள். எங்கள் இரண்டாவது ஆய்வில் அப்படி இரண்டு கோடுகள் இருந்தன. ஆய்வாளர் காரணம் கேட்டார். அன்று நான் விடுப்பு, மாற்று ஆள் ஏற்பாடு செய்யவில்லை என்றேன். இப்போது யார் மாற்று என்று கேட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.