கிர்ஷ்னரின் சிப்பாயை வரைந்து பழகுவோம்: கேள்வி பதில்

எண்ணெய் வண்ணம் பழக விரும்புவோரை, ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915ல் தன்னையே கை வெட்டுப்பட்ட சிப்பாயாக வரைந்துகொண்ட படத்தைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

அக்கா, எடுத்த எடுப்பில் வெட்டுப்பட்ட கையா? ஒரு பூச்சாடியில் தொடங்கக் கூடாதா?

தொடங்கலாம். ஆனால் பூச்சாடி கோணினால் உடனே தெரியும், அதைத் திருத்துவதிலேயே பொழுது போய்விடும். கிர்ஷ்னரின் முகமே கோணல்தான், அதனால் நிறத்தைக் கவனிக்க மனசு வரும். அந்தக் கை நிஜமான காயம் இல்லை. முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் சேர்ந்தவர் மனம் நொறுங்கி அதே ஆண்டு விடுவிக்கப்பட்டார். கை பத்திரமாகத்தான் இருந்தது. இனி வரைய முடியாமல் போகுமோ என்ற பயம் அது என்றே பலரும் சொல்கிறார்கள்.

கேன்வாஸ் என்ன அளவு?

அசல் சுமார் 69க்கு 61 செ.மீ., அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நமக்குப் பாதி போதும். 14க்கு 12 அங்குல கேன்வாஸ் போர்டு வாங்குங்கள், உயரத்தில் ஒரு செ.மீ. மிஞ்சும், அவ்வளவுதான்.

சோகம் வர கறுப்பை நிறையக் கலந்தேன். படம் கரி பிடித்த மாதிரி இருக்கிறது மேடம்.

இந்தப் படத்தில் இருட்டைவிட நிறங்களின் மோதல்தான் அதிகம். கருநீலச் சீருடை, அதன் மேல் மஞ்சள் பாய்ந்த முகம், பின்னால் சிவப்பு. நோய்வாய்ப்பட்ட அந்தத் தோலுக்கு எல்லோ ஓக்கருடன் (மண் மஞ்சள்) கொஞ்சம் வெள்ளை, துளி பச்சை சேருங்கள். தனியாகப் பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகை) பார்த்தால் சாதாரண மஞ்சள்தான். சீருடைக்கான பிரஷ்யன் நீலத்தை (அடர் நீலம்) ஒட்டி ஒரு தீற்று வைத்துப் பாருங்கள், வெளிறிப்போகும். கண்களுக்குப் பாவை வரைய வேண்டாம், அவரும் வரையவில்லை. நடுவில் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து அசலோடு ஒப்பிடுங்கள். சீருடையும் முகமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் முகத்தை வெளுப்பாக்குங்கள்.

இரண்டாவது நிறம் போட்டதும் எல்லாம் சேறாகிறதே?

ஈரத்தின் மேல் பிரஷ்ஷைத் தேய்க்கிறீர்கள். துணியில் துடைத்து, வண்ணத்தை நிறைய எடுத்து, ஒரே இழுப்பு. அப்புறம் தொடாதீர்கள். கோட்டோவியத்தை டர்பென்டைனில் கரைத்த நீலத்தால் போடுங்கள். முதல் பூச்சு மெல்லிசு, மேலே போகப்போக எண்ணெய் கூடலாம். தலைகீழாகச் செய்தால் பின்னால் வெடிப்பு விடும்.

கிர்ஷ்னர் பெட்ரோல் கலந்தார் என்கிறார்களே?

பளபளப்பு வேண்டாமென்று பெட்ரோலும் மெழுகும் கலந்தது உண்மை. வீட்டில் வேண்டவே வேண்டாம் தம்பி. தடிமன் குறைவாகப் பூசினாலே பளபளப்பு ஓரளவு அடங்கும். லின்சீட் எண்ணெய் (ஆளி விதை எண்ணெய்) ஊறிய துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

முடித்ததும் விற்கலாமா?

அவர் இறந்தது 1938ல், இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. விற்கலாம். கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், பின்புறம் ‘கிர்ஷ்னரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதிவிடுங்கள்.