விசை அழுத்தத்தை எந்த வகையில் வாங்குவது? சி நிரலாளர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: ஒரு எழுத்தைப் படித்துத் தரும் கெட்சார் தரும் மதிப்பை ஒரு சார் (ஒரு பைட் அளவு) மாறியில் வாங்கி, உள்ளீடு முடிந்ததைக் குறிக்கும் ஈஓஎஃப் வரும்வரை லூப் ஓட்டுகிறேன். லேப்டாப்பில் சரியாக ஓடுகிறது. ஏஆர்எம் சிப் உள்ள ராஸ்பெர்ரி பை சிறுகணினியில் கம்பைல் செய்தால் ‘ஒப்பீடு எப்போதும் உண்மை’ என்று வார்னிங் வருகிறது, லூப்பும் நிற்பதில்லை. ஏன் அண்ணா?

பதில்: கெட்சார் தருவது இன்ட், அதாவது சாரைவிடப் பெரிய முழு எண் வகை. 0 முதல் 255 வரை 256 பைட் மதிப்புகள், கூடவே ஈஓஎஃப். மொத்தம் 257. இத்தனையும் ஒரு பைட்டுக்குள் அடங்காது. சார் என்பது சைன்டா (எதிர்ம எண்ணும் ஏற்பது) அன்சைன்டா (0 முதல் மேலே மட்டும்) என்பதை சி தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. ஏஆர்எம் லினக்ஸில் அது அன்சைன்ட். அதனால் ஈஓஎஃப்பின் -1 உள்ளே போனதும் 255 ஆகிவிடுகிறது, ஒப்பீடு ஒருநாளும் பொருந்தாது. லேப்டாப்பில் ஓடுவதையும் நம்ப வேண்டாம். அங்கே சார் சைன்ட் என்பதால், 255 என்ற பைட் வந்தால் -1 ஆகி, லூப் பாதியிலேயே நின்றுவிடும். மாறியை இன்ட் ஆக்குங்கள், இரண்டு இடத்திலும் சரியாகும்.

கேள்வி: எழுத்தா என்று சோதிக்கும் ஐஸ்ஆல்ஃபாவுக்கு சார் மாறியைக் கொடுத்தால், விண்டோஸில் லினக்ஸ் நிரல்களை கம்பைல் செய்ய உதவும் சிக்வினில் ‘அரே சப்ஸ்கிரிப்ட் சார் வகையில் உள்ளது’ என்கிறது. இன்ட்டாக காஸ்ட் (வகை மாற்றம்) செய்தேன், வார்னிங் போய்விட்டது. போதும்தானே?

பதில்: போதாது. வார்னிங்தான் போனது, பிழை அப்படியே இருக்கிறது. தமிழில் ‘அ’ என்று தட்டிப் பாருங்கள். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் அது 224, 174, 133 என மூன்று பைட்டுகளாக வரும். சைன்ட் சாரில் 224 என்பது -32. அதை இன்ட் ஆக்கினாலும் -32தான். ஐஸ்ஆல்ஃபா, பெரிய எழுத்தாக்கும் டூஅப்பர் போன்றவை ஏற்பது 0 முதல் 255 வரையும் ஈஓஎஃப்பும் மட்டுமே. வேறு எது கொடுத்தாலும் என்ன நடக்கும் என்பதற்குத் தரநிலையில் உத்தரவாதம் இல்லை. முதலில் அன்சைன்ட் சாராக காஸ்ட் செய்துவிட்டு அப்புறம் கொடுங்கள். உபுண்டுவில் இது பெரும்பாலும் வெளியே தெரியாது, ஏனென்றால் அங்குள்ள சி லைப்ரரியான ஜிலிப்சி தன் அட்டவணையை -128இலிருந்தே வைத்திருக்கிறது. அந்தத் தயவை நம்பி எழுதிய நிரல் வேறு லைப்ரரிக்குப் போனதும் கிராஷ் ஆகலாம்.

கேள்வி: டெர்மினல் திரைக்கான என்கர்சஸ் லைப்ரரியில் மேல் அம்புக்குறிக்கு எழுதிய ஸ்விட்ச் கேஸ் வேலை செய்யவில்லை. ‘கேஸ் மதிப்பு வகையின் உச்சத்தைத் தாண்டுகிறது’ என்கிறது ஜிசிசி கம்பைலர்.

பதில்: அந்த விசையின் எண் 259. சாருக்குள் திணித்தால் மிஞ்சுவது 3, அதாவது கன்ட்ரோல்-சியின் எண். விசையைப் படிக்கும் கெட்ச் தருவதை இன்ட்டில் வாங்குங்கள்.

கேள்வி: விண்டோஸின் கோனியோ லைப்ரரியில் கெட்ச் தருவதை சாரில் வாங்கி, அம்பு விசைக்கு முதலில் வரும் 224உடன் ஒப்பிட்டால் பொருந்துவதே இல்லையே?

பதில்: அதே -32 கதைதான். இன்ட்டில் வாங்குங்கள். 0 அல்லது 224 வந்தால் கெட்சை மறுபடி அழையுங்கள், மேல் அம்புக்கு 72 கிடைக்கும்.

கேள்வி: எல்லா இடத்திலும் கை வைப்பதற்குப் பதிலாக, சார் எல்லாமே அன்சைன்ட் என்று ஜிசிசிக்கு ஒரு ஆப்ஷன் கொடுத்துவிட்டால்?

பதில்: ஐஸ்ஆல்ஃபா சிக்கல் தீரும். ஆனால் உங்கள் லேப்டாப்பிலும் முதல் கேள்வியின் லூப் நிற்காமல் ஓடத் தொடங்கும்.