கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, ஆனால் கண் வறண்டிருக்கலாம்

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இப்போது எங்களோடு கனடாவில், ஸ்காபுறோவில் இருக்கிறார். ஓகஸ்ட் கடைசியில் கண் சிவந்து அரிக்கத் தொடங்கியது. ஒக்ரோபரில் ஹீட்டர் போட்ட பிறகு அரிப்புக் குறைந்துவிட்டது; ஆனால் மண் விழுந்தது போல உறுத்துகிறது, நீரும் வடிகிறது. சிவப்பு போவதற்கென்று ஃபார்மசியில் வாங்கிய சொட்டு மருந்தை விட்டால் சில மணி நேரம் சுகம், பிறகு முன்பைவிட மோசம். நீரிழிவும் உண்டு. மாலையில் நடக்கப் போவதை நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: நடக்கட்டும். நிறுத்த வேண்டியது அந்தச் சொட்டு மருந்தைத்தான். அது கண்ணின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான். மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய்கள் மறுபடி விரிந்து சிவப்புக் கூடும், உடனே இன்னொரு சொட்டு விடத் தோன்றும். பல வீடுகளில் இப்படியே மாதக்கணக்கில் ஓடுகிறது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அம்மாவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தொல்லைகள் வந்திருக்கின்றன. முதலாவது ஒவ்வாமை. தெற்கு ஒன்ராறியோவில் ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து உறைபனி விழும்வரை ராக்வீட் என்ற களையின் மகரந்தம் காற்றில் பறக்கும். அதே நாட்களில் வீதியோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் கோல்டன்ரொட் செடியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். பாவம், அதன் மகரந்தம் கனமானது, பூச்சிகள்தான் சுமந்து போகும். ராக்வீட்டின் பூவோ கண்ணிலேயே படாது, பச்சையாக இருக்கும். யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கம் பரவிய பார்த்தீனியம் இதன் நெருங்கிய உறவு. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

ஒக்ரோபரில் தொடங்கிய இரண்டாவது தொல்லை, கண் வறட்சி என்றே நினைக்கிறேன். நீர் வடிகிற கண்ணை வறண்ட கண் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணீர்ப் படலத்தில் சளி, நீர், அதன் மேல் மெல்லிய எண்ணெய் என மூன்று பகுதிகள் உண்டு. எண்ணெயை இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் சிறு சுரப்பிகள் தருகின்றன. வயது போகப்போக, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இவை அடைபடுவது சகஜம். எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஹீட்டர் காற்று அதை இன்னும் விரைவாக்கும். கருவிழி எரிச்சல்படும்போது கண்ணீர்ச் சுரப்பி அவசரமாக நீரைக் கொட்டுகிறது. அந்த நீரில் எண்ணெய் போதாததால் அது கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய நான் முதலில் கேட்பது, அரிப்பா உறுத்தலா என்பதைத்தான். அரிப்பென்றால் பெரும்பாலும் ஒவ்வாமை, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். உறுத்தல், எரிச்சல் என்றால் வறட்சி, அதற்குச் சூடான ஒத்தடம். மாற்றிச் செய்து பலன் இல்லை என்பவர்கள்தான் அதிகம். எதுவானாலும் கண்ணைக் கசக்கக் கூடாது. கசக்கினால் அரிப்பு இன்னும் கூடும்.

அம்மாவுக்கு இப்போது தேவை சூடான ஒத்தடம். சுத்தமான துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். துணி சீக்கிரம் ஆறிவிடும், அடிக்கடி மறுபடி நனைக்க வேண்டும். பிறகு இமை விளிம்பை மெதுவாக நீவிவிடுங்கள். நாளுக்கு இரண்டு முறை, சில வாரங்கள் பொறுமையாகச் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். கூடவே செயற்கைக் கண்ணீர், அதாவது கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு. மருந்து கெடாமலிருக்கப் போடும் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத வகை வேண்டும் என்று ஃபார்மசிஸ்டிடம் கேளுங்கள். அது சேர்த்த போத்தல்களை நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விட்டால் அதுவே கண்ணை உறுத்தும்.

அரிப்புக்காக ஒவ்வாமை மாத்திரை ஏதும் எடுக்கிறாரா? பழைய வகை மாத்திரைகள் கண்ணை நன்றாகவே உலர்த்திவிடும். அடுத்த ஓகஸ்டில் மாத்திரைக்குப் பதில் ஒவ்வாமைக்கான கண் சொட்டு மருந்து போதுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். தாய்ப்பால், தேன், ஆமணக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு எதையும் கண்ணில் விட வேண்டாம். ஊரில் பாட்டி செய்தார் என்று அம்மா சொல்லக்கூடும். அன்பாக மறுத்துவிடுங்கள், கிருமி போனால் கருவிழியே புண்ணாகிவிடும்.

வீட்டில் அம்மா உட்காரும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் பாருங்கள். ஹீட்டர் காற்று முகத்துக்கு நேரே வந்தால் கதிரையை நகர்த்துங்கள். காரிலும் அப்படித்தான், காற்றைக் காலுக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. அதை அளக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கும். போனில் நாடகம் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதியாகக் குறைந்துவிடும், இடையிடையே கண்ணை முழுதாக மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

நடப்பதற்கு மாலையே நல்லது. ராக்வீட் மகரந்தம் காலையிலும் நண்பகலிலும்தான் அதிகம், உறைபனி விழுந்ததும் அதுவும் முடிந்துவிடும். காற்று பலமாக இருந்தால் பக்கம் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். முற்றத்து ஈர இலைகளை வாருவதை மட்டும் வேறு யாராவது செய்யுங்கள், அவற்றில் பூஞ்சை இருக்கும்.

கடிதத்தை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கண்ணைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது, அதுவும் நீரிழிவு இருக்கும்போது. நீரிழிவு கருவிழியின் உணர்ச்சியைக் குறைத்துவிடலாம், அதனால் உள்ளே சேதம் இருந்தும் வலி தெரியாமல் போகும். ஓஹிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி) அட்டை இருந்தால், நீரிழிவுக்காரர்களுக்கு 65 வயதாகும்வரை காத்திருக்காமல் ஆண்டுக்கொரு கண் பரிசோதனை இலவசம். வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், ஒரு கண் மட்டும் கடுமையாகச் சிவத்தல், திடீரென்று மின்னல் வெட்டுவது போலத் தெரிதல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வைக்க வேண்டாம்.