மூளைக்குப் பரவிய நுரையீரல் புற்றுநோய்: மரபணுச் சோதனை வந்துவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், சிகரெட் தொட்டதில்லை. நுரையீரலில் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோய்; மூளையில் மூன்று சிறு கட்டிகள். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்ததும் தலைவலி நின்றது, ஆனால் சர்க்கரை ஏறுகிறது. மாத்திரையை நிறுத்தலாமா? தலைக்குக் கதிர்வீச்சு வைத்தால் நினைவு போய்விடும் என்கிறார் அத்தை. உண்மையா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், அம்மா. அந்த மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை. சுற்றியுள்ள வீக்கத்தை வடிய வைக்கிறது. சட்டென விட்டால் வீக்கம் திரும்பும். சில வாரம் சாப்பிட்டவருக்கு உடலுக்குள்ளேயே ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியும் மந்தமாகியிருக்கும். ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். இரவில் போட்டால் தூக்கம் கெடும். இதனால் ஏறும் சர்க்கரை பெரும்பாலும் மாலையில்தான் உச்சத்துக்குப் போகும். காலை வெறும் வயிற்றில் மட்டும் குத்திப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். வாயில் வெள்ளைப் படலம் வந்தாலோ நாற்காலியிலிருந்து எழத் தொடை வலுவிழந்தாலோ அதையும் சொல்லுங்கள்.

அத்தை சொல்வதில் பாதி உண்மை. நினைவு மங்குவது முக்கியமாக மூளை முழுவதற்கும் தரும் கதிர்வீச்சில்தான்; வழக்கமாக அது 10 தடவையில் 30 கிரே (கதிர்வீச்சின் அளவு). மூன்றே சிறு கட்டிகள் என்றால் கட்டியை மட்டும் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் சிகிச்சை முடியுமா என்று கேளுங்கள். ஒன்று முதல் ஐந்து தடவையில் முடியும். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை. பினாங்கு, கோலாலம்பூர் வரை போக நேரலாம்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது: இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் சோதனையின் முடிவு வந்துவிட்டதா? புகைக்காத ஆசியர்களிடம் இஜிஎஃப்ஆர் மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. சதைத் துண்டு போதவில்லை என்றால் ரத்தத்திலும் பார்க்கலாம். இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தால் பொதுவாகத் தினம் 80 மில்லிகிராம் ஒசிமெர்டினிப் மாத்திரை. இது மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும். கட்டி சிறிதாக, தொந்தரவு இல்லாமல் இருந்தால் கதிர்வீச்சைச் சிலருக்குத் தள்ளிப்போடவும் செய்கிறார்கள். கட்டி பெரிதாகி அழுத்தினால் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. விலைதான் தலைவலி, மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் மருத்துவ உதவி நிதி பற்றி இப்போதே கேட்டு வையுங்கள். மருந்து தொடங்கியபின் மூச்சுத் திணறலோ புது இருமலோ வந்தால் அன்றே காட்டுங்கள்.

வலிப்பு வந்தால் பொதுவாக லெவெடிராசெட்டம் தருவார்கள். ஃபெனிடோயின், கார்பமசெபின் என்ற வேறு இரண்டு வலிப்பு மருந்துகளும் ஒசிமெர்டினிப்பின் அளவைக் குறைத்துவிடும். பக்கத்துக் கிளினிக்கில் எழுதித் தந்தால் புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். அவர் சரி என்று சொல்லும்வரை அப்பாவை மோட்டார் ஓட்ட விடாதீர்கள். வாந்தியோடு கடும் தலைவலி, ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு என்றால் உடனே 999.