ஹாட் டப் சூடாகவில்லை என்றால் ஹீட்டரைத்தான் மாற்ற வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, தளிக்கு அருகே உள்ள எங்கள் பண்ணை வீட்டில், தங்க வரும் விருந்தினர்களுக்காக 1,000 லிட்டர் கொள்ளும் ஹாட் டப் (வெந்நீர்க் குளியல் தொட்டி) வைத்திருக்கிறோம். ஹீட்டர் 3 கிலோவாட். போர் தண்ணீரைத்தான் நிரப்புகிறோம். சென்ற ஆண்டு காலையில் போட்டால் மாலைக்குள் 38 டிகிரி வந்துவிடும். இந்த மார்கழிக் குளிரில் 32 டிகிரியைத் தாண்டவில்லை. நடுநடுவே திரையில் நீரோட்டம் குறைவு என்ற எச்சரிக்கை வந்து, சூடேறுவது நின்றுபோகிறது. மெக்கானிக் ஹீட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா? – தளி வாசகர்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஹீட்டருக்குள் சூடேறும் கம்பியான எலிமென்ட் எரிந்துபோயிருந்தால் தண்ணீர் 32 டிகிரி வரை ஏறியிருக்காது. சூடு உண்டாகிறது, ஆனால் அது இடையிடையே தடைபடுகிறது, அல்லது உண்டாகும் வேகத்திலேயே வெளியேறிவிடுகிறது. நீங்கள் குறிப்பிட்ட அந்த எச்சரிக்கைதான் முதல் தடயம்.

ஹீட்டருக்குள் தண்ணீர் போதிய வேகத்தில் ஓடாவிட்டால் எலிமென்ட் கருகிவிடும் என்பதால், ஓட்டம் குறைந்தவுடன் ஹீட்டரை நிறுத்திவிடும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு பொதுவாக ஹாட் டப்பில் உண்டு. ஓட்டம் குறைவதற்குப் பெரும்பாலும் அடைபட்ட ஃபில்டரே காரணம். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எச்சரிக்கை வராவிட்டால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. கழற்றிய ஃபில்டரின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால், அடிப்பகுதியில் அரிசி மாவைப் போல வெண்மையான பொடி படிந்திருக்கக்கூடும். விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது உங்கள் போர் தண்ணீரிலிருந்து வந்த சுண்ணாம்புப் படிவு. ஃபில்டரில் இருப்பது எலிமென்டின் மேலும் ஓடாகப் படிந்திருக்கும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாமல் தடுப்பதால் எலிமென்ட் தன்னளவில் மேலும் மேலும் சூடாகிச் சீக்கிரமே கெடுகிறது.

ஃபில்டரை முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி அலசிய பிறகே, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரில் ஊறவையுங்கள். வரிசை மாறினால் பிசுக்கு இழைகளில் இறுகி ஒட்டிக்கொள்ளும். கழிவறை கழுவும் ஆசிட்டை எக்காரணம் கொண்டும் ஹீட்டர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அது துருப்பிடிக்காத எஃகிலும் துளை போட்டுவிடும். தண்ணீரை மாற்றியதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்றால், பம்பில் காற்று அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டு, பம்பை ஒட்டியுள்ள யூனியனை (திருகிக் கழற்றும் குழாய் இணைப்பை) சற்றே தளர்த்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும்; தண்ணீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிடலாம்.

இரண்டாவது, மின்னழுத்தம். 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1.16 யூனிட் மின்சாரம் தேவை. 20 டிகிரியிலிருந்து 38 டிகிரிக்கு ஏற்ற 21 யூனிட்; இழப்பே இல்லை என்றாலும் 3 கிலோவாட் ஹீட்டருக்கு இது 7 மணி நேர வேலை. அதுவும் 230 வோல்ட் கிடைத்தால்தான். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பண்ணை வீட்டில் 180 வோல்ட்டுக்கு இறங்கினால், அந்த 3 கிலோவாட் ஹீட்டர் 1.8 கிலோவாட் அளவுக்கே வேலை செய்யும். 7 மணி நேரம் 11 மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எலக்ட்ரீஷியனைக் கொண்டு வோல்ட்டை அளந்து பாருங்கள். நிறுத்தி வைத்து அளந்தால் உண்மை தெரியாது.

மூடியையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போனால், அது டப்பில் இருக்கும் 1,000 லிட்டரிலிருந்து அரை டிகிரிக்கும் சற்று அதிகமான சூட்டைத் தன்னோடு கொண்டு போய்விடும். ஓரங்களில் காற்றுப் புகும் மூடியும், தண்ணீர் ஊறிக் கனத்துப்போன மூடியும் தளிக் குளிருக்கு ஈடுகொடுக்க மாட்டா.

நிரப்பும் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயில் வரும் ஒகேனக்கல் நீர் போர் தண்ணீரை விட மென்மையானது என்பதற்காக அதை டப்பில் நிரப்பிவிட வேண்டாம். நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்த கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட மக்களின் எலும்பையும் பல்லையும் காப்பதற்காக வந்த குடிநீர் அது. கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து, போர் தண்ணீரோடு கலந்து நிரப்புங்கள், படிவு குறையும்.

கேள்வி: என் தாயாரின் மூட்டு வலிக்காக மொட்டை மாடியில் சிறிய ஹாட் டப் அமைத்திருக்கிறோம். 37 டிகிரிக்கு வைத்தாலும் சித்திரை வெயிலில் 41, 42 என்று காட்டுகிறது. ஏன்? – தருமபுரி வாசகி.

பதில்: எதைச் சரிபார்க்கும் முன்னும், தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் இருக்கும் வரை தங்கள் தாயாரை அதில் இறக்காதீர்கள். முதியவர்களுக்கு அந்தச் சூட்டில் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரக்கூடும். இதய நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால் 37 டிகிரிக்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

வேறொரு தெர்மாமீட்டரைத் தண்ணீரில் ஓரடி ஆழத்தில் பிடித்துப் பாருங்கள். அது 37 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அதுவும் 41 காட்டினால் எலக்ட்ரீஷியனை அழைத்து, ஹீட்டர் ஒயரில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வேண்டிய சூட்டைத் தாண்டிய பிறகும் ஹீட்டருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சான காண்டாக்டர் ஒட்டிக்கொண்டது என்று பொருள். உடனே மெயினை அணைத்துவிட்டு அதை மாற்ற வேண்டும். மின்சாரம் போகவில்லை என்றால் அஞ்ச வேண்டியதில்லை. ஓடும் பம்பின் சூடும் வெயிலும் சேர்ந்து, கனமான மூடிக்குள் வெளியேற வழியின்றித் தங்கிவிட்டன. ஃபில்டர் ஓடும் நேரத்தைக் குறைத்து விடியற்காலைக்கு மாற்றுங்கள். மேலே பச்சை வலைப் பந்தல் போடுங்கள். இரவில் சிறிது நேரம் மூடியைத் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஹீட்டர் போட்ட சில நிமிடங்களில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) ட்ரிப் ஆகிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கலாம் என்கிறார்கள். – ஓசூர் வாசகர்.

பதில்: கூடாது. உடல் தண்ணீரில் நனைந்திருக்கும் இடத்தில், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து உயிரைக் காப்பது அந்தக் கருவிதான். அது தன் வேலையைச் செய்கிறது. எலக்ட்ரீஷியன் மின்சாரத்தைத் துண்டித்து ஹீட்டரின் இணைப்பை மட்டும் கழற்றி, மற்றவற்றை ஓட்டிப் பார்க்கட்டும். அப்போது ட்ரிப் ஆகாவிட்டால் எலிமென்டின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. தளி வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன புது எலிமென்டை நீங்கள் தயங்காமல் வாங்கலாம். மாற்றும்போதே எர்த் குழியையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை டப்பில் யாரும் இறங்க வேண்டாம்.