கொய்த்தியாவ் அரிசிதானே, அப்புறம் ஏன் வயிற்றுவலி?

கேள்வி: நாங்கள் பினாங்கில் செபராங் ஜெயாவில் இருக்கிறோம். என் 17 வயது மகளுக்கு சீலியாக் நோய் என்று மூன்று மாதத்துக்கு முன் எண்டோஸ்கோப்பியில் உறுதியானது. வீட்டில் கோதுமையை அடியோடு நிறுத்திவிட்டோம். ஆனால் வாரக் கடைசியில் ஜார்ஜ்டவுன் போனால் குர்னி டிரைவ், லிட்டில் இந்தியா என்று அங்காடிக் கடைகளில்தான் சாப்பாடு. கோதுமை நூடுல்ஸான மீ, மைதாவில் செய்யும் ரொட்டி சானாய் பக்கமே அவள் போவதில்லை. கொய்த்தியாவ், தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அரிசிதானே? போன வாரம் சார் கொய்த்தியாவ் சாப்பிட்டு இரண்டு நாள் வயிற்றுவலியில் துடித்தாள்.

பதில்: கொய்த்தியாவ் பட்டையான அரிசி நூடுல்ஸ்தான். ஆனால் அந்தத் தட்டில் அது மட்டுமா இருக்கிறது? அடுத்த தடவை அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். காய்ந்த சட்டியில் பூண்டு விழும், கொய்த்தியாவ் விழும், உடனே ஒரு போத்தலின் மூடியில் குத்திய துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் சர்ரென்று பாயும். அதுதான் கிச்சாப், அதாவது சோயா சாஸ். பெரும்பாலான கிச்சாப், சோயாவோடு கோதுமையையும் சேர்த்துப் புளிக்க வைத்து எடுப்பது. தண்ணியான கிச்சாப், கெட்டிக் கிச்சாப் இரண்டுக்கும் இது பொருந்தும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் சீலியாக் உள்ளவர்களின் குடலைப் புண்ணாக்குவது. புளிக்கும்போது அது துண்டு துண்டாக உடைவது உண்மைதான். ஆனால் உடைந்த துண்டுகளைப் பரிசோதனையில் சரியாக அளக்க முடியாது என்பதால் சீலியாக் உள்ளவர்களுக்கு நாங்கள் வேண்டாம் என்றே சொல்கிறோம்.

அதோடு முடியவில்லை. உங்களுக்கு முன்னால் நின்றவர் ‘மீ பாதி, கொய்த்தியாவ் பாதி’ என்று கேட்டிருப்பார். பினாங்கில் அது சாதாரணம். அதே சட்டி, அதே கரண்டி. நடுவில் சட்டியைக் கழுவுவார்களா என்றால், ஒரு துணியால் துடைப்பதோடு சரி. ‘அவ்வளவு சூட்டில் குளூட்டன் செத்துப் போகாதா’ என்று பலர் கேட்கிறார்கள். அது கிருமி இல்லை, புரதம். எவ்வளவு தீயில் வறுத்தாலும் குடலுக்கு அது குளூட்டன்தான்.

சூப் வகைகளில் இந்தத் தொல்லை இன்னும் மறைவாக இருக்கும். கொய்த்தியாவ் தங் தெளிவாக இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் கொய்த்தியாவையும் மஞ்சள் மீயையும் ஒரே கொதிதண்ணீரில், ஒரே கம்பி வலைக் கரண்டியில் முக்கி எடுப்பார்கள். காலையில் தெளிவாக இருந்த தண்ணீர் பத்து மணிக்கெல்லாம் கஞ்சி மாதிரி கலங்கியிருக்கும். அந்தக் கலங்கலில் மீயின் மாவும் உண்டு. மீன் உருண்டையிலும் மாவு சேர்ப்பதுண்டு. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போனால் கொஞ்சம் பரவாயில்லை. அப்போதும் உருண்டை வேண்டாம், கிச்சாப் வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும்.

ஆயிர் ஈத்தாம் பக்கம் போனால் ஆசாம் லக்சாவைத் தாண்டி வர முடியாது, தெரியும். புளி, மீன், புதினா, அன்னாசி, இவற்றில் சிக்கல் இல்லை. பிளாச்சானும் வழக்கமாக இறாலும் உப்பும்தான். கவனம் வைக்க வேண்டியது, கடைசியில் கரண்டியில் ஊற்றித் தரும் அந்தக் கறுப்புக் குழம்பு, ஹே கோ. அது இறால் சாற்றைக் காய்ச்சி எடுத்தது. கெட்டியாக்க மாவு சேர்த்த ஹே கோ நிறைய விற்கிறது. நல்லவேளையாக அதைத் தனியாகத்தான் சேர்ப்பார்கள், எனவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். லக்சா இழை முழுக்க அரிசியா என்றும் கேளுங்கள். ஹே கோ கலந்த பழ ரோஜாக், மாவில் பொரித்த வடைகள் போடும் பசம்போர், ஹே கோ தடவிய அரிசிச் சுருளான சீ சொங் பன் மூன்றையும் மறந்துவிடச் சொல்லுங்கள்.

இனி நம் வீட்டுப் பக்கம். இதைச் சொன்னால் நம்மவர்கள் என்மேல் கோபப்படுகிறார்கள். லிட்டில் இந்தியாவுக்குள் நுழைந்ததும் ‘அப்பாடா, நம்ம சாப்பாடு’ என்று கவனத்தைத் தளர்த்திவிடுகிறோம். டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் பெருங்காயம் கொஞ்சம்தான். மீதி கோந்தும் மாவும். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், ஊறுகாய், மோர் எல்லாவற்றிலும் அது போகிறது. ஒரு அண்டா ரசத்தில் எவ்வளவு போட்டார்கள் என்று கடையில் நின்று கணக்குப் போட முடியாது. அதனால் எந்தப் பெருங்காயம் என்று தெரியாத சாம்பாரும் ரசமும் உங்கள் மகளுக்கு வேண்டாம். வீட்டுக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தையோ, கலப்பில்லாத கட்டிப் பெருங்காயத்தையோ வாங்குங்கள். சமையலறை அலமாரியைத் திறந்து இப்போது இருக்கும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்களேன், இன்றைக்கே.

வாழையிலையில் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் மாட்டிக்கொள்ளலாம். சைவக் கடைகளில் ‘ஆட்டிறைச்சி வறுவல்’ என்று மணக்க மணக்க வைக்கிறார்களே, அந்தப் போலி இறைச்சியில் பெரும்பகுதி சுத்தமான கோதுமைப் புரதம். ரொட்டியை விட அதில்தான் குளூட்டன் அதிகம்! பொரித்த பாகற்காயில் என்ன மாவு என்று கேட்க வேண்டும். அப்பளம் உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெயில் விழுந்தால் அது போயிற்று. பாயசம் சேமியாவா ஜவ்வரிசியா என்று பாருங்கள். ஜவ்வரிசி என்றால் சாப்பிடலாம்.

தோசையில் மாவைவிடக் கல்தான் பிரச்சினை. மாமாக் எனும் இந்திய முஸ்லிம் கடைகளில் ரொட்டி சானாய் தட்டிப் போட்ட கல்லிலேயே தோசையும் ஊற்றுவார்கள், பக்கத்திலேயே மைதா பறந்துகொண்டிருக்கும். மொறுமொறுப்புக்காக ரவையோ மைதாவோ கலப்பவர்களும் உண்டு. இட்லிக்குக் கல் தேவையில்லை. இடியாப்பம் இன்னும் நல்லது. தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும் வைத்து, புத்து மாயாம் என்ற பெயரில் தரும் இடியாப்பம் சுத்த அரிசி மாவு என்று விற்பவர் சொன்னால் தைரியமாக வாங்குங்கள்.

நான் என் வாடிக்கையாளர்களுக்கு முதலில் சொல்வது நாசி லெமாக்தான். தேங்காய்ச் சோறு, நெத்திலி, கச்சான், முட்டை, வெள்ளரி, சம்பல். சம்பலில் கிச்சாப் இல்லை என்று உறுதியானால் போதும், மாவில் புரட்டிய கோழியைச் சேர்க்காதீர்கள். நாசி கண்டாரை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டேன். ஐந்தாறு குழம்பையும் கலந்து ஊற்றுவதில்தான் அதன் ருசியே இருக்கிறது, ஒரே கரண்டி எல்லாப் பாத்திரத்திலும் முங்கி வருகிறது. எதில் என்ன இருக்கிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவித்த கச்சானும் கடலையும் விற்கும் கச்சாங் பூத்தே வண்டி நல்ல துணை. ஆனால் பக்கத்துத் தட்டின் பொரித்த பலகாரத்தை அள்ளிய அதே குவளையால் அள்ளவிடாதீர்கள்.

குடிப்பதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வெயிலுக்கு இதமாக ஐஸ் பார்லி வாங்கிக் கொடுத்துவிடுவோம். பார்லியிலும் குளூட்டன் உண்டு, அந்தத் தண்ணீர் ஆகாது. மைலோவில் பார்லி மால்ட், ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லியும். ஜாதிக்காய் ஜூஸ், அம்ப்ரா ஜூஸ், இளநீர், தே தாரேக், எது வேண்டுமோ குடிக்கட்டும்.

சரி, கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது? ‘குளூட்டன்’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வழக்கம்போலவே போடுவார்கள். பொருளின் பெயரைச் சொல்லுங்கள். ‘சாயா தாக் போலே மாக்கான் தெப்போங் கண்டும், கிச்சாப் பூன் தாக் போலே’, அதாவது கோதுமை மாவும் ஆகாது, கிச்சாப்பும் ஆகாது. இதை மலாயிலும் சீனத்திலும் அட்டையில் எழுதி மகள் பையில் வைத்துக்கொள்ளட்டும். சந்தேகம் வந்தால் போத்தலைக் காட்டச் சொல்லலாம். 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளின்படி, பொட்டலமிட்ட உணவில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும். லேபிளில் ‘கண்டும்’ என்ற சொல்லைத் தேடுங்கள், கோதுமைக்கு மலாயில் அதுதான் பெயர். கண்டும் காணாமல் விடக்கூடாத சொல். கூட்ட நேரத்தில் கேட்டால் எரிச்சல்தான் வரும், மாலையானால் ஏழு மணிக்கு முன்னால் போங்கள்.

கோதுமை இல்லாத கிச்சாப் சின்னப் போத்தலில் கிடைக்கிறது, தாமாரி என்று விற்பதில் ‘குளூட்டன் இல்லை’ என்று எழுதியதாகப் பார்த்து வாங்கி அவளிடம் கொடுத்துவிடுங்கள். அந்த வார்த்தைகளுக்கு உலக அளவில் வைத்திருக்கும் எல்லை, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம். பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடல் தாங்கும் என்கிறார்கள். ரொட்டித் துணுக்கு ஒன்றே அதைத் தாண்டிவிடலாம் என்பதால்தான் கரண்டியையும் சட்டியையும் பற்றி இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

வயிற்றுவலி வராவிட்டால் குளூட்டன் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு ஒரு அறிகுறியும் இல்லாமலே குடல் புண்ணாகிக்கொண்டிருக்கும். மருத்துவர் சொல்லும் தேதியில் டிடிஜி இரத்தப் பரிசோதனை (சீலியாக்கில் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை அளப்பது) செய்து, எண் இறங்குகிறதா என்று பாருங்கள். அதுவரை வெளியே எங்கே, எதைச் சாப்பிட்டாள் என்று கைப்பேசியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எண் இறங்காமல் நின்றுவிட்டால் அந்தக் குறிப்போடு வாருங்கள், எந்தக் கடை என்று சேர்ந்து தேடுவோம்.